கல்லிலே சரித்திரம், கரையிலே கடல்!
ஒரு வார விடுமுறையில் கலிங்க நாடு

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம், "லீவுக்கு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். தாராவியில் கேட்டாலும், மாட்டுங்காவில் கேட்டாலும், செம்பூரில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"வேறு எங்கே? ஊருக்குத்தான்!"

கோவில் கொடை, தங்கை கலியாணம், அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, அம்மாவுக்கு உடம்பு சுகமில்லை, பங்காளியோடு வரப்புத் தகராறு... ஏதாவது ஒரு காரணம் ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. இருக்கிற லீவும், கையில் உள்ள காசும் அதோடு தீர்ந்துவிடும்.

அதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றவர்களைப் பார்க்காமல் என்ன விடுமுறை?

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை இரண்டே இடங்கள். ஒன்று, குடியிருக்கும் சால். மற்றொன்று, தாத்தா வீடு. இரண்டுக்கும் இடையே உள்ள இவ்வளவு பெரிய தேசம், அவர்களுக்கு ரெயில் ஜன்னலில் ஓடி மறையும் மரங்கள்தான். மனைவிமார் நிலையோ அதைவிட மோசம். ஊருக்குப் போனாலும் அங்கேயும் அடுப்படிதான்.

ஆகவே, நாலு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு வாரத்தைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கி வைத்தால் என்ன?

அப்படிப் போகிற இடத்தில் பெரியவர்கள் பார்க்கப் பழைய சரித்திரம் இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடக் கடல் இருக்க வேண்டும். சோறு கிடைக்க வேண்டும். செலவு கையைக் கடிக்கக் கூடாது. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். அதுதான் கலிங்க நாடு. இன்றைய ஒடிசா மாநிலம்.

புவனேசுவரம், கோனாரக், புரி என்ற 3 ஊர்களும் ஒரு முக்கோணம் போல அமைந்திருக்கின்றன. புவனேசுவரத்தில் இருந்து கோனாரக் சுமார் 65 கிலோ மீட்டர். கோனாரக்கில் இருந்து கடலோரமாகவே புரிக்கு 35 கிலோ மீட்டர். புரியில் இருந்து புவனேசுவரத்துக்கு 60 கிலோ மீட்டர். இந்த முக்கோணத்துக்குள் 2,200 ஆண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது.

நமக்குப் புதிதல்ல

கலிங்கம் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் கலிங்கத்துப்பரணி படித்தோம். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதை ஜெயங்கொண்டார் பாடியது அந்த நூல்.

அந்தப் போரில் தோற்ற கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன். பெயரிலேயே "சோட" என்று சோழம் இருப்பதைக் கவனியுங்கள். அவனுடைய தாய் ஒரு சோழ இளவரசி! பெண் கொடுத்த வீட்டாருக்கும் பெண் எடுத்த வீட்டாருக்கும் நடந்த சண்டைதான் அது.

தோற்றுப் போன அந்த அனந்தவர்மன்தான், 12-ம் நூற்றாண்டில் புரி ஜகந்நாதர் கோவிலைக் கட்டத் தொடங்கினான். நாம் பரணியில் படித்தது பாதிக் கதை. மீதிக் கதை புரியில் 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது.

எப்போது போகலாம்?

இதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று கிளம்பிவிடாதீர்கள். ஒடிசா வெயில் மண்டையைப் பிளக்கும். புவனேசுவரத்தில் பாறை ஏற வேண்டும், கோனாரக்கில் வெட்டவெளியில் சுற்ற வேண்டும். குழந்தைகளுக்கு அது விடுமுறை அல்ல, தண்டனை.

ஜூன் பாதியில் இருந்து மழை. ஜூன், ஜூலையில் புரி தேரோட்டம் நடக்கும்; லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

அக்டோபர், நவம்பர் மாதங்கள் புயல் காலம். 1999-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் பல ஆயிரம் உயிர்களைக் கொண்டு போயிற்று. 2019-ம் ஆண்டு மே 3-ந் தேதி "பானி" புயல் புரி அருகிலேயே கரையைக் கடந்தது. தீபாவளி விடுமுறையில் போவதென்றால், புறப்படும் முன் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.

மிகவும் ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர் 1 முதல் 5 வரை கோனாரக்கில் ஆண்டுதோறும் நாட்டிய விழா நடக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் வங்காளத்தில் இருந்து கூட்டம் வந்து குவியும். அறை வாடகையும் ஏறிவிடும். பொங்கலுக்குப் பிறகு போகிறவர்களுக்குக் கூட்டமும் குறைவு, செலவும் குறைவு.

ரெயிலும் டிக்கெட்டும்

மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் இருந்து புவனேசுவரத்துக்கு கோனாரக் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. புனே, சோலாப்பூர், செகந்திராபாத், விஜயவாடா, விசாகப்பட்டினம் வழியாகப் போகும் ரெயில். 2 இரவு ரெயிலில் கழியும். ஊருக்குப் போய்ப் பழகிய நமக்கு அது பெரிய தூரம் அல்ல.

2024 நவம்பர் 1-ந் தேதி முதல், ரெயிலில் முன்பதிவுக் காலம் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, 60 நாள் கணக்கை காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள். முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்டது. அப்பா, அம்மாவை அழைத்துச் செல்கிறவர்கள் பழைய ஞாபகத்தில் பாதிக் கட்டணம் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

"எல்லாம் சரி. ஊருக்கும் போக வேண்டுமே?" என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு.

ரெயில்வேயில் "சுற்றுப் பயணச் சீட்டு" என்று ஒன்று கொடுக்கிறார்கள். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வந்து சேரும்படி ஒரு வட்டப் பாதை போட்டு வாங்க வேண்டிய சீட்டு அது. மும்பை, புவனேசுவரம், சென்னை, திருநெல்வேலி, மீண்டும் மும்பை என்று ஒரே சீட்டாக எடுக்கலாம். வழியில் 8 இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். தூரம் கூடக் கூட கிலோ மீட்டருக்கு விழும் கட்டணம் குறைவதால், தனித்தனியாக எடுப்பதைவிட இது மலிவு. பெரிய நிலையங்களில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். ஆனால், சீட்டு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டப் பயணத்துக்கும் தனித்தனியே படுக்கை பதிவு செய்ய வேண்டும்.

புவனேசுவரத்தில் இருந்து சென்னைக்கு கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஹவுரா மெயில் ஆகிய ரெயில்கள் இருக்கின்றன. ஆகவே, 4 நாள் கலிங்கத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே ஊர்ப்பக்கம் போய்ப் பெரியவர்களையும் பார்த்துத் திரும்பலாம். ஒரே லீவில் இரண்டு காரியம்!

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்களுக்கு 4 ஆண்டுக்கு ஒரு முறை இந்தியாவில் எந்த ஊருக்கும் போய்வர விடுப்புப் பயணச் சலுகை உண்டு. நம்மவர்களில் பலர் இரண்டு முறையையும் சொந்த ஊருக்கே பயன்படுத்தி முடித்துவிடுகிறார்கள். ஒரு முறையை ஊருக்கும் மறுமுறையை இப்படி ஒரு பயணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அலுவலகம் கொடுப்பது பயணக் கட்டணம் மட்டுமே. தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் நம் கையில் இருந்துதான்.

நாலு கவர் கணக்கு

செலவை எப்படிச் சமாளிப்பது?

மாதம் 500 ரூபாய் எடுத்து வைத்தால் 3 ஆண்டில் 18 ஆயிரம் ரூபாய் சேரும். போகலாம் என்று முடிவு செய்த நாளில் இருந்தே இதைத் தொடங்கிவிட வேண்டும். வட்டிக்கு வாங்கிச் சுற்றுலா போகவே கூடாது. 7 நாள் சந்தோஷத்துக்கு 7 மாதம் வட்டி கட்ட நேரும்.

சேர்ந்த பணத்தை நாலு கவரில் பிரித்துப் போடுங்கள். முதல் கவர், ரெயில் டிக்கெட். இரண்டாவது, அறை வாடகை. மூன்றாவது, சாப்பாடு, பஸ், படகு. நாலாவது கவரைத் தொடவே கூடாது. அது மருந்து மாத்திரைக்கும், எதிர்பாராத செலவுக்கும்.

தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஐந்தாவதாக ஒரு கணக்கும் போட வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அந்த இழப்பும் செலவுதான். அதைச் சேர்க்காமல் போய்விட்டுத் திரும்பினால் மளிகைக் கடையில் கடன் நிற்கும். அப்படிப்பட்டவர்கள் தனியாக ஒரு பயணம் போடாமல், ஊருக்குப் போகும் வழியில் 3 நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவதே சிக்கனம்.

முதல் நாள்: குகைகள்

புவனேசுவரத்தில் இறங்கியதும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு முதலில் போக வேண்டிய இடம் உதயகிரி, கண்டகிரி குன்றுகள். நகருக்கு மேற்கே சில கிலோ மீட்டர்தான். எதிரெதிரே இரண்டு குன்றுகள். உதயகிரியில் 18 குகைகள், கண்டகிரியில் 15 குகைகள். சமண முனிவர்கள் தங்குவதற்காக 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையைக் குடைந்து செய்தவை.

உதயகிரியில் "ராணி கும்பா" என்ற இரண்டு அடுக்குக் குகையைப் பார்த்துவிட்டு, "ஹாத்தி கும்பா" என்ற யானைக் குகைக்குப் போங்கள். பார்ப்பதற்கு அதில் பெரிய அழகு ஒன்றும் கிடையாது. கரடுமுரடான பாறைப் பொந்துதான். ஆனால், தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பாறை நெற்றியில் 17 வரிகளில் ஒரு கல்வெட்டு.

அது காரவேலன் என்ற கலிங்க மன்னனின் கல்வெட்டு. ஆண்டுவாரியாக அவன் செய்த காரியங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. பட்டத்துக்கு வந்த முதல் ஆண்டில் அவன் செய்த வேலை என்ன தெரியுமா? புயலில் இடிந்துபோன தலைநகரின் வாசல்களையும் மதில்களையும் பழுது பார்த்தான்! அன்றும் அந்தக் கரையில் புயல்தான்.

இன்னும் கொஞ்சம் படித்தால் நம்மைப் பற்றிய செய்தி வருகிறது. நெடுங்காலமாக நிலைத்திருந்த தமிழ் நாடுகளின் கூட்டணியைத் தான் உடைத்ததாகக் காரவேலன் சொல்கிறான். பாண்டிய மன்னனிடம் இருந்து முத்துகள் வந்ததையும் குறிப்பிடுகிறான்.

மூவேந்தரும் ஓயாமல் சண்டை போட்டார்கள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அவர்கள் கூட்டணியாகவும் இருந்தார்கள் என்பதற்கு, ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், எதிரி ஒருவன் வெட்டி வைத்த கல் சாட்சி சொல்கிறது!

மாலையில் பிந்து சாகர் குளக்கரைக்கு வந்துவிடுங்கள். அந்தப் பகுதியில் கோவில்களுக்குக் கணக்கே இல்லை. 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்த முக்தேசுவரர் கோவில் சிறியது. ஆனால், அதன் தோரண வாசலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 11-ம் நூற்றாண்டின் லிங்கராஜர் கோவில் விமானம் சுமார் 180 அடி உயரம். தஞ்சைப் பெரிய கோவில் எழுந்த அதே நூற்றாண்டில் அங்கே அது எழுந்தது.

இரண்டாம் நாள்: யானைப் பாறையும் கல் தேரும்

காலையில் சீக்கிரம் புறப்பட்டு தவுளிக்குச் செல்ல வேண்டும். புவனேசுவரத்தில் இருந்து 8 கிலோ மீட்டர். கீழே தயா நதி ஓடுகிறது. சுற்றிலும் வயல்வெளி.

கி.மு. 261-ம் ஆண்டு வாக்கில் அசோகன் கலிங்கத்தின் மீது படையெடுத்தான். தவுளியை ஒட்டிய இந்த வெளியில்தான் போர் நடந்தது என்று சொல்கிறார்கள். குன்றின் உச்சியில் பளபளவென்று வெள்ளையாகத் தெரிவது, 1972-ம் ஆண்டு ஜப்பானிய புத்த சங்கத்தாரின் துணையோடு கட்டப்பட்ட சாந்தி ஸ்தூபி. வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அது தவறு. பார்க்க வேண்டியது அடிவாரத்தில் இருக்கிறது.

பாறைக்குள் இருந்து ஒரு யானை வெளியே வருவது போல முன்பாதி மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே பாறை முகத்தில் அசோகனின் கட்டளைகள். மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததைக் கூறும் அவனது இரண்டாவது கட்டளையும் அவற்றில் ஒன்று. அந்தக் கட்டளையில்தான் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டு போகப்பட்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று அசோகன் எழுதியது 13-வது கட்டளை. மற்ற பல ஊர்களில் அதை வெட்டி வைத்த அசோகன், தவுளியில் வெட்டவில்லை! 11, 12, 13 ஆகிய மூன்று கட்டளைகளையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கலிங்க மக்களுக்கென்று தனியாக இரண்டு கட்டளைகளை வெட்டச் செய்தான். மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள், அவர்களைக் காரணமின்றிச் சிறையில் போடாதே, துன்புறுத்தாதே என்று தன் அதிகாரிகளுக்குச் சொல்லும் கட்டளைகள் அவை.

செத்தவர்களின் பிள்ளைகள் நடமாடும் ஊரில் சாவுக் கணக்கை எழுதி வைக்க அவனுக்கு மனம் வரவில்லையா? அல்லது, மறுபடி கோபம் மூளும் என்று பயந்தானா? பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போடுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இருந்த அசோகன், அந்தப் பாறைக்கு முன்னால் மனிதனாகிவிடுவான்.

தவுளியில் இருந்து பிப்பிலி வழியாக கோனாரக். பிப்பிலியில் துணியை வெட்டித் தைத்துச் செய்யும் வண்ணக் குடைகளும், தொங்கல்களும் கடை வாசல் தோறும் ஆடும். ஒரு சிறிய தொங்கல் வாங்கினால் வீட்டு வாசலுக்கு ஆகும்.

கோனாரக்கைப் பார்க்க ஒத்திகை வேண்டுமா? சட்டைப் பையில் இருக்கும் 10 ரூபாய் நோட்டை எடுங்கள். 2018-ல் வெளிவந்த பழுப்பு நிற நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது கோனாரக் சூரியன் கோவில்தான். தினமும் கையில் புரளுகிற படம், எதிரே கல்லாக நிற்கும்போது பிள்ளைகள் அடையும் ஆச்சரியம் கொஞ்சமாக இராது!

13-ம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் என்ற கங்க மன்னன் கட்டிய கோவில் இது. கோவில் முழுவதும் ஒரு தேர். 24 சக்கரங்கள், 7 குதிரைகள். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 10 அடி உயரம். சக்கரத்தின் ஆரக்கால் நிழலை வைத்து மணி சொல்லிக் காட்டுவார்கள் வழிகாட்டிகள். உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவறைக்கு மேலே இருந்த பெரிய விமானம் இடிந்து போய்விட்டது. இப்போது நிற்பது அதன் முன்மண்டபம்தான். அதுவும் விழாமல் இருக்க, 1903-ம் ஆண்டு உள்ளே மணலைக் கொட்டி நிரப்பி வாசல்களை அடைத்தார்கள். 1984-ல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அடித்தளத்தில் வரிசை வரிசையாக யானைகள், நாட்டியப் பெண்கள், வண்டியில் போகிறவர்கள், சமைக்கிறவர்கள். ஓர் இடத்தில் ஒட்டகச்சிவிங்கி கூட இருக்கிறது. நம் நாட்டில் இல்லாத அந்த மிருகத்தை கலிங்கத்துச் சிற்பி எப்படி அறிந்தான்? கடல் வாணிபம்தான் காரணம். ஆண் பெண் உறவைக் காட்டும் சிற்பங்களும் இங்கே நிறைய உண்டு. அக்காலக் கோவில்களில் அது வழக்கம். கூச்சப்பட்டுக் கொண்டு கோவிலையே பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை.

தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தேவையில்லை. அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கிழமை பார்த்துப் போங்கள்.

கோவிலில் இருந்து 3 கிலோ மீட்டரில் சந்திரபாகா கடற்கரை. வெயில் தாழ்ந்ததும் அங்கே போய்க் கரையில் உட்காரலாம். அதன் பிறகு கடலோரச் சாலையில் புரி.

மூன்றாம் நாள்: புரி

மும்பையில் சூரியன் கடலில் மறைவதைத்தான் பார்க்கிறோம். புரியில் விடியற்காலை எழுந்து கரைக்குப் போங்கள். நம் ஊர்க் கிழக்குக் கடற்கரை போல, சூரியன் கடலில் இருந்து புறப்பட்டு வரும். கட்டுமரத்தை அலையில் தள்ளிக்கொண்டு மீனவர்கள் கிளம்பும் நேரமும் அதுதான்.

ஜகந்நாதர் கோவிலில் செல்போன், தோல் பொருட்கள் அனுமதி இல்லை. 2024 ஜனவரி முதல் உடைக் கட்டுப்பாடும் உண்டு. அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ் கூடாது. உள்ளே பண்டாக்கள் வழிகாட்ட வருவார்கள். வேண்டுமென்றால் முன்கூட்டியே தொகை பேசிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். காணிக்கையை உண்டியலில் போடுவதே நல்லது.

கோவிலுக்குள் ஆனந்த பஜார் என்ற இடத்தில் மகாபிரசாதம் கிடைக்கும். மண் பானைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி விறகு அடுப்பில் சமைத்த சோறும் பருப்பும் காய்கறியும். அங்கே உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற பேதம் பாராமல் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுவது வழக்கம்.

ஜகந்நாதர் கோவிலிலும் லிங்கராஜர் கோவிலிலும் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. நம் கிறிஸ்தவ, இஸ்லாமிய அன்பர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு போனால், வாசலில் போய் மனம் வருந்த நேராது. குகைகள், தவுளி, கோனாரக், முக்தேசுவரர் கோவில், கடற்கரை, ஏரி எல்லாம் அனைவருக்கும் பொது.

கடலோடு விளையாடாதீர்கள்!

இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். புரி கடல் பார்க்கத்தான் அழகு. இறங்கினால் முரடு. அலை வந்து திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையே இழுக்கும். ஜுகுவில் காலை நனைத்த பழக்கத்தில் அங்கே இடுப்பளவுக்கு இறங்கக் கூடாது. சந்திரபாகா கடற்கரையில் குளிக்கவே வேண்டாம்.

புரிக் கரையில் கூம்புத் தொப்பி போட்ட ஆட்களைப் பார்க்கலாம். அவர்கள் நுலியாக்கள் என்ற மீனவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தக் கடலை நன்றாக அறிந்தவர்கள். குளிப்பதென்றால் அவர்கள் இருக்கும் இடத்தில், அவர்கள் சொல்லும் ஆழத்தோடு நின்றுகொள்ளுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செல்போனில் படம் எடுக்கும் ஒரு நிமிடம் போதும், பிள்ளை போய்விடும். குடித்துவிட்டும், இருட்டிய பிறகும் இறங்கவே கூடாது.

நீரோட்டம் இழுத்தால், கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களும் மாண்டுபோவது இதை அறியாததால்தான்.

நாலாம் நாள்: சிலிகா ஏரி

புரியில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டரில் சாத்தபடா. அங்கிருந்து படகில் சிலிகா ஏரிக்குள் போகலாம். நம் பழவேற்காடு ஏரியின் அண்ணன் என்று சொல்லலாம். மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும். குளிர்காலத்தில் வெகு தூரத்தில் இருந்து பறவைகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும்.

இங்கே "இராவதி டால்பின்" என்ற அபூர்வ இனம் வாழ்கிறது. சினிமாவில் வருவது போல வானத்தில் துள்ளிக் குதிக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். மழுங்கிய தலையும் முதுகும் ஒரு விநாடி தெரியும், மறையும். அவ்வளவுதான். அதற்காகக் காத்திருப்பதே ஒரு சுகம்.

படகில் ஏறும்முன் மிதவைச் சட்டை கேட்டு வாங்கி, பெரியவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். படகுக் கட்டணத்தைக் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

சோறும் பேச்சும்

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஒடிசாக்காரர்கள் நம்மைப் போலச் சோற்றுப் பிரியர்கள். காய்கறியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த "டால்மா" நம் சாம்பாருக்குப் பக்கத்து வீடு. "பகாளா" என்று ஒன்று கொடுப்பார்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிடுவது. நம் பழைய சோறேதான்! பாலாடைக்கட்டியைச் சுட்டுச் செய்யும் "சேனா போடா" பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

மும்பை இந்தி அங்கே தாராளமாகச் செல்லும். "கேத்தே?" என்றால் "எவ்வளவு?" என்று பொருள். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் கடைவீதியில் பாதிக் காரியம் ஆகும்.

அறைக்கு, மாநில சுற்றுலாக் கழகத்தின் "பந்தநிவாஸ்" விடுதிகள் புவனேசுவரத்திலும் புரியிலும் உள்ளன. ஒரு நாளில் சுற்றிக்காட்டும் பஸ் பயணங்களையும் அந்தக் கழகம் நடத்துகிறது. தனி டாக்சி எடுக்க வசதியில்லாதவர்களுக்கு அது ஏற்றது.

அவர்களும் நம்மைப் போலத்தான்

கடைசியாக ஒன்று.

உங்கள் கட்டடத்தில் குழாய் ரிப்பேர் செய்ய வருகிற ஆள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்களா? ஒடிசாவில் கேந்திரபாடா பகுதியில் இருந்து குழாய் வேலைக்கு இந்தியா முழுவதும் ஆட்கள் போகிறார்கள். சூரத் விசைத்தறிகளில் கஞ்சம் மாவட்டத்தார் ஏராளம். இப்போது சென்னைக்கும் திருப்பூருக்கும் கூட அவர்கள் வேலைக்கு வருகிறார்கள்.

நாம் திருநெல்வேலியை விட்டு வந்தது போல அவர்கள் கலிங்கத்தை விட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு லீவுதான். அதுவும் ஊருக்குத்தான். புறப்படும் முன் அப்படி ஒருவரிடம், "உங்கள் ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும், எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரமெல்லாம் கிடைக்கும். அவர் முகத்தில் தெரியும் சந்தோஷமும் உங்களுக்குக் கிடைக்கும்.

பரணி பாடிய காலத்தில் படையோடு போனோம். இப்போது பிள்ளை குட்டியோடு, புளியோதரைக் கட்டோடு போவோம். 60 நாளைக்கு முன்னால் டிக்கெட் போட மட்டும் மறந்துவிடாதீர்கள்!